புயலுக்கு முன் கோயிலையும் பங்கு மக்களையும் தயார்செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

புயல் கூண்டு ஏற்றிய பிறகு ஏணி தேடி ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது அப்படி ஓடியவர்களில் நானும் ஒருவன். நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் (ஒரு பாதிரியாரின் பொறுப்பில் இருக்கும் கோயிலும் மக்களும்) பேரவையில் இருக்கிறேன். கஜாவுக்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் எங்கள் கோயிலைத் தயார்செய்கிறோம், பக்கத்துப் பங்குகள் கூப்பிட்டால் அங்கேயும் போகிறோம். போன இடமெல்லாம் ஒரே தவறுதான். கட்டடத்துக்கான வேலையைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிட்டு, ஆட்களைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் பலகை அடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் எது முதலில், எது பிறகு என்பதுதான் முக்கியம்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைக்காரர்கள் பங்கு என்று வரும் இடத்தில் சேகரம் என்றும், அன்பியம் (பங்குக்குள் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) என்று வரும் இடத்தில் உங்கள் ஏரியாக் குழு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஒன்றுதான்.

தொடங்கும் முன் தேவையானவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும். எங்கள் பக்கம் செப்டம்பர் 8-ஆம் தேதி வேளாங்கண்ணித் திருவிழா முடிந்ததும் ஊர் கொஞ்சம் ஓயும். தொடங்க அதுதான் நேரம். ஆறு பேர் போதும். ஆனால் அதில் ஒருவர் கொத்தனார் அல்லது தச்சர், ஒருவர் வயரிங் தெரிந்தவர், இரண்டு பேர் பெண்கள். பெண்கள் இல்லாத குழுவின் பட்டியலில் கர்ப்பிணிகள் விட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

பொருள்கள்: ஒரு நோட்டு, நீளமான ஏணி, நைலான் கயிறு, தார்ப்பாய், காலி உரச் சாக்குகள், மூடியுள்ள நீல டிரம் இரண்டு, கை விளக்குகள், பவர் பேங்க். பங்குத்தந்தை எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளும் வேண்டும். அவர் ஊரில் இல்லாத நாளில் கோயிலைப் பூட்டவும் திறக்கவும் பணம் செலவழிக்கவும் யாருக்கு அதிகாரம் என்று அதில் இருக்க வேண்டும். இது இல்லாமல் சாவிக்காகவே ஒரு மணி நேரம் போன ஊர் உண்டு.

1. கோயிலில் ஆட்களைத் தங்கவைப்பதா இல்லையா: முதலில் இதை முடிவுசெய்யுங்கள்

எல்லா வேலைக்கும் முன்னால் இது ஏன்? தங்கவைப்பதென்றால் தண்ணீர், கழிவறை, ஜெனரேட்டர் எல்லாம் வேண்டும். இல்லையென்றால் கோயிலைப் பூட்டி, ஆட்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். இரண்டுக்கும் தயாரிப்பு வேறு வேறு.

"என்ன வந்தாலும் மாதா கோயிலில் படுத்துக்கொள்ளலாம்" என்பது கடலோரத்தில் ஊறிப்போன பேச்சு. விசுவாசத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கோயில் என்பது நடுவில் தூணோ குறுக்குச் சுவரோ அதிகம் இல்லாத பெரிய கூடம். உயரமான சுவர், நீளமான ஜன்னல், தலைக்கு மேல் ஓடு அல்லது தகரம். காற்றுக்கு இதைவிட வசதியான இலக்கு கிடையாது. பக்கத்திலேயே பங்குப் பள்ளி இருந்தால், சின்னச் சின்ன வகுப்பறைகளும் கான்கிரீட் தளமும் உள்ள அந்தக் கட்டடம்தான் பெரும்பாலும் நல்ல இடம். மாடியும் இருந்தால் கடல் நீர் ஏறும் பயத்துக்கும் அது பதில்.

நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கூரை கான்கிரீட்டா? கட்டடப் பொறியாளர் ஒருவர் கடந்த சில ஆண்டுகளில் வந்து பார்த்திருக்கிறாரா? கடலுக்கும் கோயிலுக்கும் நடுவே மேடு ஏதாவது உண்டா? மணிக்கூண்டு சாய்ந்தால் எந்தப் பக்கம் விழும்? ஒரு கேள்விக்குப் பதில் இடித்தாலும் கோயிலைத் தங்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அரசு கட்டிய பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையம் எது, அதன் சாவி யாரிடம் என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

தங்கவைப்பது என்று முடிவானால் தலைக்கணக்கைப் போடுங்கள். முகாம்களுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள கூடம் 200 சதுர மீட்டர். அதாவது 57 பேர். ஞாயிறு பூசைக்கு 400 பேர் உட்கார்ந்த இடம் ஆயிற்றே என்பீர்கள். உட்கார்வது வேறு, நனைந்த பாயும் பையும் குழந்தையுமாகப் படுப்பது வேறு. ஒரே ஒரு ராத்திரி என்றால் நெருக்கலாம், ஆனால் கழிவறை நெருங்காது. அவசரத்துக்கு 50 பேருக்கு ஒன்றாவது வேண்டும், 20 பேருக்கு ஒன்று என்றால் நல்லது. பெண்களுக்குத் தனியாக, உள்பக்கம் தாழ்ப்பாள் போடும்படி, விளக்கோடு இருக்க வேண்டும். எண்ணிக்கை எவ்வளவு என்று முடிவானதும் வி.ஏ.ஓ.விடமும் ஊராட்சியிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நடத்தும் முகாமுக்குச் சாப்பாடும் வராது, மருத்துவரும் வரமாட்டார்.

2. கூரையும் ஜன்னலும்

காற்று கூரையின் மேல் ஓடும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஓரம், மூலை, முகடு ஆகிய இடங்களில் இந்த இழுப்பு அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய கூரை 120-ஐத் தாங்கும் என்று நினைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

தகரக் கூரையென்றால் தகட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் ஒவ்வொரு ஜே போல்ட்டையும் (கொக்கி போல்ட்) கையால் அசைத்துப் பாருங்கள். உப்புக் காற்றில் போல்ட்டின் தலை நன்றாக இருக்கும், வாஷருக்குக் கீழே இற்றுப்போயிருக்கும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. ஓரத்து இரண்டு வரிசைகளுக்கும் முகட்டுக்கும் போல்ட்டை நெருக்கிப் போடச் சொல்லுங்கள். ஓட்டுக் கூரையென்றால் முகட்டோட்டின் சுண்ணாம்புப் பூச்சு, இறவாணத்து ஓடுகள், கரையான் அரித்த சட்டங்கள் மூன்றையும் பார்த்தால் போதும். சட்டம் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கோயில்களில் பல சட்டங்கள் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன.

முன்வாசலில் வெயிலுக்காகப் பிற்பாடு போட்ட தகரக் கொட்டகைதான் என் கண்ணில் முதல் எதிரி. அதைக் கோயில் கூரையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். அது பிய்யும்போது முதன்மைக் கூரையின் ஓரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். தனித் தூணில் தனியாக நிற்கும்படி மாற்றுங்கள். முடியாதென்றால் புயலுக்கு முன் தகடுகளைக் கழற்றும்படியாவது போல்ட்டை மாற்றுங்கள்.

கான்கிரீட் தளத்தில் எதிரி தண்ணீர். மழைநீர்க் குழாயின் வாயைப் புறா எச்சமும் வாதா இலையும் அடைத்துக்கொள்ளும். ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 100 கிலோ. 150 சதுர மீட்டர் தளத்தில் 15 டன். அக்டோபரில் ஒரு முறை, எச்சரிக்கை வந்ததும் ஒரு முறை வாயைச் சுத்தம் செய்யுங்கள்.

ஜன்னலைக் காப்பதும் கூரைக்காகத்தான். ஒரு கண்ணாடி உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஏற்கெனவே இழுப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கூரை நிற்காது. ஒரு பக்க ஜன்னலைத் திறந்துவைத்தால் காற்று வெளியேறிவிடும் என்று யாராவது ஒருவர் சொல்லத்தான் செய்வார். கேட்காதீர்கள், எல்லாமே மூடியிருக்க வேண்டும். கண்ணாடியில் பெருக்கல் குறியாக டேப் ஒட்டுவதாலும் பயனில்லை. உடையும்போது சில்லுகள் பெரிதாக விழும், அவ்வளவுதான்.

வேண்டியது ஒட்டுப்பலகை. 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்கி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளந்து வெட்டி, சட்டத்தில் போல்ட் துளைகளையும் முன்கூட்டியே போட்டுவையுங்கள். வெளிப்பக்கமாக மாட்ட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பலகையிலும் பெயிண்டால் எண் எழுதுங்கள்: வடக்குக்கு வ-1, வ-2, தெற்குக்கு தெ-1 என்று. முதல் ஆண்டு நாங்கள் எண் போடவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு, மழையில், பதினான்கு பலகைகளையும் ஒவ்வொரு ஜன்னலாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்து வைத்துப் பார்த்தோம். எல்லாமே பார்வைக்கு ஒரே அளவு, ஆனால் ஒன்றின் துளைகூட இன்னொன்றோடு பொருந்தவில்லை.

3. கோயில் வளாகம்

காற்றில் கிளம்பக்கூடியது எது என்று பார்த்தபடி வளாகத்தை ஒரு சுற்று வாருங்கள். காய்ந்த தென்னை மட்டை, குரும்பை, முறிந்த வேப்பங்கிளை, கெபியின் (மாதா சுரூபம் வைத்த சிறு குகை) மேலிருக்கும் தகரம், கூம்பு ஒலிபெருக்கி, விளம்பரத் தட்டி. மரங்களை மொத்தமாக வெட்ட வேண்டாம். கிளையைக் கழித்துக் காற்றுப் போக வழிவிட்டால் போதும். கோயில் மேலும் மின்கம்பி மேலும் சாயக்கூடிய மரத்துக்கு மட்டும் வேறு முடிவு. மின்கம்பியை ஒட்டிய கிளையில் நீங்கள் கைவைக்காதீர்கள், மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுங்கள்.

மணிக்கூண்டில் ஏறினால் மணி தொங்கும் நுகத்தின் போல்ட்டுகளையும், உச்சிச் சிலுவையின் அடியையும், இடிதாங்கியின் செம்புப் பட்டை தரைவரை அறுபடாமல் வருகிறதா என்பதையும் பாருங்கள். செம்பு விலைக்காகப் பாதியில் வெட்டிக்கொண்டு போயிருப்பது புதிதல்ல. அறுந்த இடிதாங்கி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

சின்டெக்ஸ் தொட்டி காலியாக இருந்தால் பறக்கும். 1000 லிட்டர் நிரப்பினால் ஒரு டன் எடை, அசையாது. மின்சாரம் போன பிறகு குடிக்கவும் அதுதான் தண்ணீர். ஒரே வேலையில் இரண்டு லாபம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தில் புயல் வந்தால் ஒரு தனித் தலைவலி உண்டு. மணிக்கூண்டில் பத்தடி நட்சத்திரம், சுற்றிலும் சீரியல் செட், முற்றத்தில் பாதி கட்டிய குடில். இரவெல்லாம் கண்விழித்துக் கட்டிய இளையோருக்கு அதை இறக்க மனம் வராது. சண்டையே நடக்கும். எங்கள் பங்கில் இப்போது ஒரு விதி இருக்கிறது. டிசம்பர் 10-க்கு முன் உயரத்தில் எதுவும் கட்டக் கூடாது, கட்டியதை அரை மணி நேரத்தில் இறக்கும்படி கப்பி போட்டுத்தான் கட்ட வேண்டும். 2016-இல் வர்தா சென்னையைத் தாக்கியது டிசம்பர் 12-ஆம் தேதி என்பதால் இந்த விதியும் முழுக் காவல் இல்லை. கப்பிதான் காவல்.

4. பதிவேடுகளும் திருப்பொருள்களும்

உடைந்த ஓட்டை மாற்றலாம். 1920-ஆம் ஆண்டின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவேடு கரைந்தால் போனது போனதுதான். பழைய ஏடுகள் பேனா மையில் எழுதியவை. தண்ணீர் பட்டால் எழுத்து ஊதா நிறத்தில் பரவி மறைந்துவிடும்.

செப்டம்பரிலேயே திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்று பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். ஒரு பிரதி பங்கில், ஒன்று ஆயர் இல்லத்தில். நிலப் பத்திரம், பட்டா, கட்டட வரைபடம், காப்பீட்டுத் தாள் இவற்றுக்கும் அப்படியே. எச்சரிக்கை வந்த அன்று மூலப் பதிவேடுகளைத் தடித்த பாலித்தீன் பையில் சுற்றி நீல டிரம்மில் போட்டு, மூடியைத் திருகி, மாடியில் வையுங்கள். பூசைப் பொருள்கள் வைக்கும் சக்கிறிஸ்து அறையின் இரும்பு பீரோவை நம்பாதீர்கள். பீரோ திருடனைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது.

நற்கருணையை (பூசையில் அர்ச்சித்த அப்பம்) பங்குத்தந்தை எடுத்துச் செல்வார். அவர் இல்லாவிட்டால் யார், எங்கே கொண்டுபோவது என்று முன்பே கேட்டு வையுங்கள். கண்ணாடிப் பேழையில் இருக்கும் சுரூபங்களை (புனிதர் சிலைகள்) வெளியே எடுத்து, துணி சுற்றி, உள்சுவர் ஓரம் படுக்கவையுங்கள். ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியவை மேசைக்கு மேலே.

5. வீட்டு வாரியான பட்டியல்

இந்த வேலைக்குத்தான் அதிக நாள் பிடிக்கும், இதில்தான் பலரும் ஏமாற்றிக்கொள்கிறார்கள். பங்கில் ஏற்கெனவே குடும்ப அட்டை இருக்கிறதே என்று அதை எடுத்து வைப்பார்கள். அந்த அட்டையில் யாருக்கு எப்போது உறுதிபூசுதல் சடங்கு என்று இருக்கும். யாரால் நடக்க முடியாது என்று இருக்காது.

ஒவ்வொரு அன்பியத்திலும் இரண்டு பேர் வீடு வீடாகப் போகட்டும். எழுத வேண்டியவை: எத்தனை பேர், வீடு கூரையா ஓடா மாடியா, தனியாக இருக்கும் முதியவர் உண்டா, படுக்கையில் இருப்பவர் உண்டா, கர்ப்பிணிக்கு எந்த மாதம், டயாலிசிஸுக்கு எந்தக் கிழமை, இன்சுலின் உண்டா, ஆடு மாடு எத்தனை, யாரிடம் வண்டி. கடைசியாக ஒரு கேள்வி: புயல் வந்தால் எங்கே போவீர்கள்? நாங்கள் முதன்முறை கேட்டபோது முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில், "கோயிலுக்குத்தான்." முதல் படியில் எடுத்த முடிவை ஒவ்வொரு வீட்டிலும் நேரில் சொல்ல வேண்டிய இடமும் இதுதான்.

தெருவில் இருக்கும் இந்து, முஸ்லிம் வீடுகளையும் சேர்த்து எழுதுங்கள். வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு தெருவில் பாதி வீட்டைத் தட்டிவிட்டு மீதியைத் தாண்டிப் போகும் எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லை.

மீனவப் பங்கென்றால் இரண்டாவது பட்டியல் ஒன்று வேண்டும்: கடலில் இருப்பவர்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி கன்னியாகுமரிக் கடலில் மிகக் குறுகிய நேரத்தில் புயலாக மாறியபோது, அதற்குப் பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அதன் பிறகு யார் யார் திரும்பவில்லை என்று பெயர்களைத் திரட்டியதில் அங்குள்ள பங்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பட்டியலை முன்கூட்டியே வைத்திருக்க முடியும். படகின் பெயர், பதிவு எண், எந்தத் துறைமுகத்திலிருந்து, எத்தனை பேர், கிளம்பிய நாள், திரும்ப வேண்டிய நாள், செயற்கைக்கோள் போன் உண்டா. படகு கிளம்பும்போது வீட்டுப் பெண்கள் ஒரு போன் செய்து சொன்னால் உபதேசியார் (பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்) எழுதிக்கொள்ளலாம். மழைக்காலம் முழுக்க இந்த ஏடு திறந்தே இருக்க வேண்டும்.

பட்டியல்களைக் காகிதத்தில் மூன்று பிரதி எடுங்கள். போனில் மட்டும் இருக்கும் பட்டியல், சார்ஜ் தீரும்வரைதான் பட்டியல்.

6. செய்தி போகும் வழி

வாட்ஸ்அப் குழுவை நம்பி இருக்காதீர்கள். கோபுரம் விழுந்தால் போனும் போச்சு. அதைவிடப் பெரிய தொல்லை, அதில் போன வருடத்துப் புயல் படங்கள் எல்லாம் புதிதுபோல் வரும். வானிலை ஆய்வு மையமும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதை மட்டும் ஒருவர் படித்து, அவர் சொன்னால்தான் பங்கில் செய்தி என்று வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. இந்த மூன்றையும் கோயில் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கோயில் மணி நல்ல வழிதான், ஆனால் முன்பே பேசிவைக்க வேண்டும். ஒரு முறை நாங்கள் எச்சரிக்கைக்காக மணியை நிதானமாக விட்டு விட்டு அடித்தோம். கொஞ்ச நேரத்தில் பாட்டிகள் நாலைந்து பேர் குடையோடு வந்து, "யாரு தம்பி செத்தது?" என்று கேட்டார்கள். நாங்கள் அடித்தது துக்க மணி. இப்போது புயலுக்கென்று தனி முறை இருக்கிறது. நிறுத்தாமல் இரண்டு நிமிடம் வேகமாக அடித்தால் கிளம்ப வேண்டும் என்று பொருள். அக்டோபர் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு முறை அடித்துக் காட்டுகிறோம். கோயிலுக்கு வராத வீடுகளுக்கு அன்பியத்தார் போய்ச் சொல்கிறார்கள்.

7. எச்சரிக்கை வந்த பிறகு: மணிக்கணக்கு

வானிலை மையம் படிப்படியாக அறிவிக்கும். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றால் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர். 62-ஐத் தொட்டால் புயல், 89-லிருந்து தீவிரப் புயல், 118-லிருந்து மிகத் தீவிரப் புயல். துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் எங்கோ தூரக் கடலில் உருவாகியிருக்கிறது என்று பொருள். 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். பெயர் வைத்த பிறகுதான் வேலை தொடங்குவேன் என்று இருக்காதீர்கள், தாழ்வு மண்டலம் என்ற சொல் வந்ததும் தொடங்குங்கள்.

72 மணி நேரம் இருக்கும்போது: குழு கூடட்டும். கடலில் இருப்பவர்கள் பட்டியலை மீன்வளத் துறைக்குக் கொடுங்கள். டீசல், அரிசி, பால் பவுடர், மெழுகுவர்த்தி வாங்குங்கள். ஜெனரேட்டரை முழுச் சுமையோடு ஒரு மணி நேரம் ஓட்டி எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

48 மணி நேரம்: நட்சத்திரம், தட்டி, ஒலிபெருக்கி, பந்தல் இறங்கட்டும். ஜன்னல் பலகைகளை மாட்டுங்கள். மணல் மூட்டைகளைப் பாதிக்குக் கொஞ்சம் கூட மட்டும் நிரப்புங்கள். முட்ட நிரப்பினால் ஒன்றன்மேல் ஒன்று படியாது, இடுக்கில் தண்ணீர் வரும். வளாகத்தையும் கட்டடத்தையும் நான்கு மூலையிலிருந்தும் படமெடுங்கள். காப்பீட்டுக்கு இது வேண்டும்.

24 மணி நேரம்: கட்டட வேலை முடிந்தது, ஏணியை உள்ளே வையுங்கள். இதற்கு மேல் ஒரு பலகை மாட்டாமல் இருந்தாலும் இருக்கட்டும். இனி ஆட்கள் மட்டும்தான். படுக்கையில் இருப்பவர்கள், பிரசவம் நெருங்கியவர்கள், டயாலிசிஸ்காரர்கள் முதலில். கர்ப்பிணியைக் காற்று ஆரம்பித்த பிறகு நகர்த்துவதைவிட முதல்நாளே ஆஸ்பத்திரி உள்ள ஊருக்கு அனுப்புவது ஆயிரம் மடங்கு சுலபம். மாட்டைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிடச் சொல்லுங்கள், கட்டிய மாடு தண்ணீரில் சாகும். மாலைப் பூசை உண்டா இல்லையா என்பதையும் இப்போதே அறிவியுங்கள். இல்லை என்று சொல்லாவிட்டால் யாராவது ஒருவர் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டுவார்.

12 மணி நேரம்: மணி அடிக்கட்டும். வீடு வீடாக டிக் போடுங்கள். வரமாட்டேன் என்பவரிடம் வாக்குவாதம் செய்து நேரம் போக்காமல், அவர் தூரத்துச் சொந்தத்துக்கோ மகளுக்கோ போன் போட்டுக் கையில் கொடுங்கள். நாம் சொல்லி வராதவர், மகள் அழுதால் வருவார். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, கோயிலைப் பூட்டி, குழுவும் தங்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். கோயிலுக்குக் காவல் என்று கோயில்பிள்ளையை (கோயில் வேலைகளைப் பார்ப்பவர்) தனியாக விட்டுவரும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வேண்டாம்.

8. காற்று அடிக்கும் நேரம்

தங்கும் இடத்தில் வாசலில் ஒருவர் உட்கார்ந்து, உள்ளே வருபவர், வெளியே போகிறவர் இருவரையும் எழுத வேண்டும். ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, மழை படாத இடத்தில், ஜன்னலிலிருந்து தள்ளி இருக்கட்டும். வராந்தாவில் வைத்தால் புகை உள்ளே வரும். அதில் மணமில்லாத நச்சு இருக்கிறது, தூங்குகிறவர்களுக்கு எழுந்திருக்கவே தெரியாது. வெளி இணைப்பைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் நேராகக் கொடுக்கவும் கூடாது. மின்சாரம் கம்பியில் பின்னோக்கிப் போய், எங்கோ கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியரின் உயிரை எடுத்துவிடும்.

புயலின் கண் நேராக உங்கள் ஊரைத் தாண்டினால் நடுவில் காற்று சட்டென்று ஓய்ந்துவிடும். ஆட்கள் வெளியே வந்து தென்னையைப் பார்க்கப் போவார்கள். இந்த இடத்தில்தான் கதவை மறித்து நிற்க வேண்டும். நம் கிழக்குக் கடற்கரையில் புயல் மேற்கு நோக்கிக் கடக்கும்போது காற்று முதலில் வடக்கிலிருந்து அடிக்கும், கண் தாண்டியதும் தெற்கிலிருந்து திரும்ப அடிக்கும். வடக்குக் காற்றில் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கும் மரத்தைத் தெற்குக் காற்று வந்து முறிக்கும். கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. அந்த நடுச்சாம அமைதியில் டார்ச்சோடு வாசல்வரை போனவன் நான். உபதேசியார் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அதற்கப்புறம் தெற்குப் பக்க வேம்பு விழுந்த சத்தம் கேட்டது.

தெற்குச் சுவர் ஜன்னல்களுக்குப் பலகை போடாமல் விடுபவர்களுக்கும் இதுதான் பதில்.

9. விடிந்த பிறகு

முதலில் தலைகளை எண்ணுங்கள், பிறகுதான் கோயில். பட்டியலை வைத்து ஒவ்வொரு அன்பியத்துக்கும் இரண்டு பேர், செருப்போடு, கம்போடு. தண்ணீர் வடியும் வீடுகளில் பாம்பு இருக்கும். அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும் மின்சாரம் இருப்பதாகவே நினைத்து விலகிப் போங்கள்.

கோயிலுக்குள் உடனே நுழையாதீர்கள். வெளியிலிருந்து ஒரு சுற்று வந்து மணிக்கூண்டு, சுவர் விரிசல், தொங்கும் ஓடு எல்லாம் பார்த்த பிறகு இரண்டு பேர் மட்டும் போகலாம். எதையும் ஒதுக்குவதற்கு முன் படமெடுங்கள், புயலுக்கு முன் எடுத்த அதே மூலைகளிலிருந்து. கோயிலின் தீக் காப்பீட்டில் புயலும் வெள்ளமும் சேர்ந்திருந்தால் உடனே தகவல் சொல்லுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை உடைந்த தகடுகளைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பிய்ந்த கூரைக்குத் தார்ப்பாய் போடலாம், அதற்கான பில்லையும் வைத்திருங்கள். மெயின் சுவிட்சை வயரிங் தெரிந்தவர் பார்த்த பிறகே போட வேண்டும்.

பதிவேடு நனைந்துவிட்டால் வெயிலில் விரிக்காதீர்கள், தாள் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, அந்தத் தாள்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தித்தாளைச் செருகினால் அதன் மையும் ஒட்டும்.

குடிநீர்த் தொட்டிக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், கலக்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். கலங்கலான தண்ணீரில் அது வேலை செய்யாது, முதலில் தெளியவிடுங்கள்.

நிவாரணம் வர ஆரம்பித்ததும் பட்டியலில் உள்ள வீட்டு எண்ணை வைத்து டோக்கன் கொடுங்கள். வாங்கினவர் கையெழுத்து, கொடுத்தவர் பெயர், தேதி. நம் வீடுகள் முதலில் என்ற பேச்சு வந்தால் வெட்டிவிடுங்கள், டோக்கன் வரிசைதான் வரிசை. பழைய துணி அனுப்புகிறோம் என்று போன் வந்தால் மரியாதையாக வேண்டாம் சொல்லுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கச் சாலையோரங்களில் பழைய துணி மூட்டை மூட்டையாக மழையில் ஊறிக் கிடந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. தார்ப்பாய், நைட்டி, உள்ளாடை, நாப்கின், கொசுவத்தி, பாத்திரம். இவைதான் வேண்டும் என்று பட்டியலாக எழுதி அனுப்பினால் அனுப்புகிறவர்களுக்கும் சுலபம்.

இரண்டு வாரம் கழித்துப் பலகைகளைக் கழற்றும்போது எண்ணை ஒரு முறை சரிபாருங்கள். பெயிண்ட் அழிந்திருந்தால் அன்றே திரும்ப எழுதுங்கள். அந்தந்த ஜன்னலின் போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, பலகையின் பின்னாலேயே ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். எங்களிடம் இப்போது தெ-5 பலகைக்கு மட்டும் நட்டு இரண்டு குறைகிறது. வரும் சனிக்கிழமை வாங்க வேண்டும்.